பதினொண்ணு, போலாம்

வண்டியின் பக்கக் கதவு திறந்தே இருக்கும். அந்த அக்கா வெளியே நின்றுகொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு தலையையும் காற்றில் தட்டித் தட்டி எண்ணுவார். உதடு மட்டும் அசையும். ஒரு வண்டியை முடித்துவிட்டு அடுத்த வண்டிக்கு வருவார். கடைசியில் "பதினொண்ணு, போலாமுங்" என்று சொன்ன பிறகுதான் கதவை மூட வேண்டும். அவசரப்பட்டு யாராவது முன்னாலேயே மூடிவிட்டால், திறந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். பெட்ரோல் போட நிறுத்தினாலும் எண்ணுவார், பாத்ரூம் போக நிறுத்தினாலும் எண்ணுவார். ஒருமுறை யாருமே வண்டியை விட்டு இறங்கவில்லை, கண்ணாடி துடைக்க மட்டும் நிறுத்தினோம். அதற்கும் எண்ணினார்.

"அக்கா, யாருமே எறங்கலையே, எதுக்கு கவுண்ட் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"எண்ணாட்டி எப்புடித் தெரியும் கண்ணு?" என்றார்.

டெக்சஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் நாங்கள் முதன்முதலில் குடியிருந்த அபார்ட்மெண்டில் அவர் எதிர் வீடு. நான் வில்லிவாக்கம், அவர் கோபிசெட்டிபாளையம் பக்கம். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் ஃபோனிலேயே அந்தப் பெயர் இருந்ததில்லை. 'பதினொண்ணு அக்கா' என்றுதான் போட்டு வைத்திருந்தேன். அது அவருக்கும் தெரியும், சிரித்துக்கொள்வார்.

எங்கள் இரண்டு குடும்பம், மாடியில் இருந்த திருநெல்வேலிக்காரர்கள் ஒரு குடும்பம். நீண்ட வார இறுதி வந்தால் இரண்டு மினிவேன் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். அங்கிருந்து மேற்கே போனால் வேறென்ன இருக்கிறது? பாலைவனம்தான். மோனஹன்ஸ் மணல்மேடு, பிக் பெண்ட், பாலோ டியூரோ பள்ளத்தாக்கு என்று மூன்றே வருடத்தில் நாங்கள் பாலைவன நிபுணர்களாகிவிட்டோம். எங்கள் சுற்றுலாவுக்கென்று ஒரு முறை உண்டு. பத்து மணி நேரம் ஓட்டுவது, முக்கால் மணி நேரம் பார்ப்பது, இருநூறு படம் எடுப்பது, "அடுத்தது என்ன?" என்று கேட்பது. மோட்டல் அறையில் ரைஸ் குக்கரை வைத்துவிட்டு, ஸ்மோக் அலாரம் அலறாமல் இருக்க ஒருவர் துண்டால் விசிறிக்கொண்டு நிற்பது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி மீட்டிங்குக்குள் வீடு திரும்பிவிடுவது.

இந்த முறைக்குள் அக்காவுடைய வேலை எண்ணுவது. மோனஹன்ஸில் பிள்ளைகள் பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து மணலில் சறுக்கினார்கள். பெரியவர்கள் நாங்களும் கூச்சத்தை விட்டு ஆளுக்கொரு தடவை சறுக்கினோம். அக்கா மட்டும் கீழே நின்று, மேலே போனவர்கள் எத்தனை, இறங்கியவர்கள் எத்தனை என்று கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். பிக் பெண்டில் சூரியன் மறைகிற நேரம், மலை முழுக்கக் காவி பூசினமாதிரி ஆகிவிட்டது. நாங்கள் பதினொரு பேரும் வாயைப் பிளந்துகொண்டு மேற்கே பார்த்தோம் என்றால், அவர் கிழக்கே திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுப்பதும் அவர்தான். எடுத்த கையோடு திரையில் விரல் வைத்து எல்லாரும் விழுந்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுவார்.

அவருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவர். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணுகிற வேலை. "மிஷினு ஒரு நெம்பரு சொல்லும், எனக்கு சந்தேகமா இருக்கும். கையில எண்ணிப் பாப்பேன். நான் எண்ணிச் சொன்னா டாக்டரே மறுபேச்சுப் பேசமாட்டாருங்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் வேறு ஒருவருடைய குரல் மாதிரி நிமிர்ந்து இருக்கும்.

இங்கே வந்தபின் எட்டு வருடமாக வீட்டில்தான் இருந்தார். கணவருடைய விசாவில் வந்தவர்களுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாமல் இருந்தது. பிறகு அந்த அனுமதி அட்டையும் வந்தது. இங்கே லேபில் சேர ஒரு பரீட்சை எழுத வேண்டும். அதற்கான செங்கல் தடிமன் புத்தகத்தையும் வாங்கினார். நான் பார்த்தவரையில் அந்தப் புத்தகத்தின் மேல் மிக்ஸி உட்கார்ந்திருந்தது. மேடையில் மிக்ஸி ஆடாமல் நிற்க அது தோதாக இருந்ததாம்.

"எப்பக்கா எக்ஸாம் எழுதப் போறீங்க?"

"பையன் ஸ்கூலுக்குப் போகட்டும் கண்ணு." பையன் போனான். "அத்தை வந்துட்டுப் போகட்டும்." அவரும் வந்துவிட்டுப் போனார். "அண்ணனுக்கு இந்த ப்ராஜக்ட் முடியட்டும்." அந்த ப்ராஜக்ட் மட்டும் முடிகிற வழியைக் காணோம். அண்ணன் என்றால் அவருடைய கணவர். நல்ல மனுஷன், ஆனால் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று அவரைக் கேட்டால் அக்காவுக்கு ஃபோன் போடுவார்.

அந்த மார்ச் மாதம், பிள்ளைகளின் வசந்த விடுமுறையில், நியூ மெக்சிகோவில் இருக்கும் ஒயிட் சாண்ட்ஸுக்குப் போனோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று மணல். வெயிலில் கூசும், ஆனால் கால் வைத்தால் சுடாது. சாணம் மெழுகிய தரை மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். பிள்ளைகள் பைத்தியம் பிடித்தமாதிரி உருண்டார்கள். மகன் வீட்டோடு இருக்கும் திருநெல்வேலிக்காரரின் அப்பா மட்டும் அசரவில்லை. "இதப் பாக்கவால பத்து மணி நேரம் வண்டியில கூட்டிட்டு வந்த? நம்ம தேரிக்காட்டுல இல்லாத மணலா?" என்று மகனைக் கேட்டார். "அங்க செவப்பு, இங்க வெள்ள. அம்புட்டுத்தான்."

நாலரை மணிக்குக் கிளம்ப வேண்டும். மலைப்பாதையைத் தாண்டி அடுத்த ஊரில் மோட்டல் போட்டிருந்தோம். மணலைத் தட்டி, அழுகிற பிள்ளைகளைத் தூக்கி, ஒருவழியாக எல்லாரையும் வண்டியில் திணித்தோம். அப்போது அக்கா என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"கண்ணு, இன்னிக்கு நீ எண்ணிப்போடு. நான் வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். முன்வண்டிக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக எனக்கு அந்தப் பதவி கிடைத்திருக்கிறது. பொறுப்பாகவே எண்ணினேன். அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பிறகு இந்தக் கதையைக் கேட்ட எல்லாரும் நான் எண்ணாமல் விட்டுவிட்டேன் என்று நினைத்தார்கள். எங்கள் வண்டியில் என் கணவர், நான், மூன்று குடும்பத்துப் பிள்ளைகள் ஐந்து பேர், ஆக ஏழு. முன்வண்டியை அக்காவின் கணவர் ஓட்டினார். சிக்னல் இல்லாத ஊர்களுக்கென்று நாங்கள் வைத்திருந்த வாக்கி டாக்கியில் கேட்டேன்.

"அண்ணா, உங்க வண்டியில எத்தன பேரு?"

"நாலு பேரும்மா."

ஏழும் நாலும் பதினொன்று. எங்களுக்கு மனப்பாடமான எண். "பதினொண்ணு, போலாம்!" என்று அக்காவைப் போலவே ராகம் போட்டுச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டு வண்டியும் கிளம்பின.

மலை ஏற ஆரம்பித்து அரை மணி நேரம் இருக்கும். கொண்டை ஊசி வளைவுகள். அக்காவின் மகனுக்கு ஆறு வயது. வளைவு என்றால் அவனுக்கு ஆகாது. ஓங்கரித்துவிட்டான். நான் கவரைப் பிடித்துக்கொண்டு வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"அண்ணா, வண்டிய ஓரங்கட்டுங்க. பையன் வாமிட் பண்றான். அக்காவ கொஞ்சம் இங்க அனுப்புங்க."

கொஞ்ச நேரம் கரகர என்று சத்தம் மட்டும் வந்தது. பிறகு அண்ணனின் குரல். "அவ அங்கதானே இருக்கா?"

"இல்லண்ணா. உங்க வண்டியிலதான…"

"மலைப்பாதைன்னா பையன்கூடத்தானே உக்காருவா. அதனால அங்கன்னு…"

பையன் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "வேர் இஸ் அம்மா?" என்று கேட்டான்.

மலை மேல் ஒரு சின்ன ஊரில் ஓரமாக நிறுத்தி எல்லாரும் இறங்கினோம். அக்காவின் நம்பருக்கு அடித்தோம். முன்வண்டிக்குள், சார்ஜரில் மாட்டியிருந்த ஃபோன் அடித்தது. அவருடைய தண்ணீர் பாட்டிலும் அங்கேதான் இருந்தது. நான் மறுபடியும் எண்ணினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. பதினொன்று. இன்னொரு முறை எண்ணினேன். பதினொன்றுதான்.

"சரியாத்தானே இருக்கு, கவுண்ட் சரியாத்தானே இருக்கு" என்று பினாத்தினேன்.

தேரிக்காட்டுப் பெரியவர் என்னைப் பார்த்தார். "சரியாத்தாம்மா எண்ணியிருக்க. ஆனா தெனமும் வெளிய நின்னு நம்மள எண்ணுனது அந்தப் பிள்ளதான. அந்தப் பிள்ளைய யாரு எண்ணுனா?"

நாங்கள் பன்னிரண்டு பேர். மூன்று வருடமாகப் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு என்ற எண்ணை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டதுபோல நின்றோம். பொறுப்பாக எண்ணிய நானும் என்னை விடாமல் சேர்த்துக்கொண்டு, அவரைத்தான் விட்டிருந்தேன்.

வந்த வழியே திரும்பினோம். முக்கால் மணி நேரப் பாதை. சூரியன் மறைந்ததும் அந்த இடத்தின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று பலகையில் படித்திருந்தோம். தண்ணீர் இல்லாமல் பாலைவனத்தில் மாட்டியவர்களைப் பற்றி எங்கெங்கோ படித்ததெல்லாம் அன்றைக்குப் பார்த்துத்தான் நினைவுக்கு வந்தது. என் கணவர் "ஒண்ணும் ஆகாது, டூரிஸ்ட் ஸ்பாட்தானே, ஆள் இருப்பாங்க" என்று பத்து தடவை சொன்னார். அவர் அவ்வளவு தடவை சொன்னதே எனக்குப் பயமாக இருந்தது. பின்சீட்டில் அக்காவின் மகள் சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

வாசலில் இருந்த அலுவலர் அம்மாவிடம், எங்களில் ஒருவரை உள்ளே விட்டுவிட்டுப் போய்விட்டோம் என்றேன். குழந்தையா என்று பதறினார். இல்லை, நாற்பது வயது என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்.

நாங்கள் வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் யாரும் இல்லை. பக்கத்து நிழற்கூரையில் ஒரு மெக்சிகன் குடும்பம் அடுப்பு மூட்டிப் பாட்டு வைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் வண்டியை விட்டு இறங்கி, இரண்டு கையையும் வாயில் குவித்து அக்காவின் பெயரைக் கத்தினார். அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, எப்போதும் "இந்தாம்மா"தான்.

பதில் மேலேயிருந்து வந்தது. பதில் என்றா சொல்வது, ஒரு கூச்சல். மணல்மேட்டின் உச்சியிலிருந்து ரோஸ் நிறப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து கத்திக்கொண்டு, தலைமுடியெல்லாம் வெள்ளையாக அக்கா உட்கார்ந்திருந்தார். எங்கள் காலடிக்குப் பத்தடி முன்னால் வந்து கவிழ்ந்தார். மெக்சிகன் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அண்ணன் அப்படியே மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"என்னுங்க இது, எல்லாரும் பாக்கறாங்கொ. எந்திரிங்க" என்றார் அக்கா. பிள்ளைகள் ஓடிப்போய் அவர் மேல் விழுந்தார்கள். அவர் அவர்களை அணைத்துக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எண்ணுனியா கண்ணு?"

"எண்ணினேங்க்கா. சத்தியமா எண்ணினேன்."

"எத்தன?"

"பதினொண்ணு."

"சரியாத்தான் எண்ணியிருக்கற" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "வண்டி போனதும் பொறத்தாலயே ஓடுனேன். கத்துனேன். கொஞ்ச நேரம் அழுதேன். அப்பறம் இந்தக் குடும்பத்துக்காரவிய தண்ணி குடுத்தாங்கொ, போன் வேணுமான்னு கேட்டாங்கொ. ஒருத்தரு போன்லயும் சிக்னல் இல்ல. அவிய என்னைய வெளிய கூட்டிட்டுப் போறம்னாங்கொ. எண்ணிப் பாப்பாங்கொ, திரும்பி வருவாங்கொ, நான் எடத்த விட்டு நகரப்படாதுன்னு சொல்லிப்போட்டேன். அப்பறந்தான் பொக்குனு தோணுச்சு. எண்ணுனாலும் பதினொண்ணு சரியாத்தான வரும்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஸாரிக்கா" என்றேன். அதைவிடக் குப்பையான வார்த்தை ஒன்று அந்த நேரத்துக்குக் கிடைத்திருக்காது.

"நீ என்ன பண்ணுவ? நானே ஒரு நாளும் என்னைய எண்ணுனதில்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "செரி, எப்ப வருவாங்கொன்னு தெரியாது, சும்மா எதுக்கு உக்காரோணும்னு அந்தப் புள்ளைகிட்டத் தட்டு வாங்கிச் சறுக்குனேன். ஒம்போது தடவ. அந்த மேல போய் நின்னு பாத்திருக்கியா கண்ணு? எத்தன பாலைவனத்துக்கு வந்திருக்கறோம். நான் இன்னிக்குத்தான் பாத்தேன்."

பேசிக்கொண்டே கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து என்னிடம் நீட்டினார். என் மகள் மித்ராவின் ஒரு செருப்பு. அதை எடுக்கத்தான் திரும்பிப் போயிருக்கிறார். மித்ரா இரண்டு மணி நேரமாக ஒற்றைச் செருப்போடு இருந்தது பெற்ற தாய் எனக்குத் தெரியாது.

கிளம்பலாம் என்றபோது அக்கா கிளம்பவில்லை. ஒன்பதைப் பத்தாக்க வேண்டும் என்றார். பத்தாவது தடவை அண்ணனையும் மேலே இழுத்துக்கொண்டு போனார். இருவரும் உச்சியில் நிறைய நேரம் நின்றார்கள். வெயில் சாய்ந்து மணல் முழுக்க நீல நிழல் விழுந்திருந்தது. அக்கா ஏதோ சொன்னார், அண்ணன் தலையை ஆட்டினார். பிறகு ஒரே தட்டில் இருவரும் இறங்கி, பாதியிலேயே உருண்டார்கள். தேரிக்காட்டுப் பெரியவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார்.

மேலே என்ன பேசினார்கள் என்று வழியில் வாக்கி டாக்கியில் தெரிந்தது. "வர்ற செப்டம்பர்ல பரீட்ச எழுதறேனுங்" என்று அக்கா எல்லாருக்கும் பொதுவாக அறிவித்தார். அண்ணன் குறுக்கே புகுந்து, "நான் பசங்களப் பாத்துக்கறேன்" என்றார். "உப்பு எங்க இருக்குன்னு தெரியுங்களா?" என்று அக்கா கேட்டார். இரண்டு வண்டியிலும் சிரிப்பு.

அதற்கு முன்பே, கிளம்பும்போது, கதவருகே நின்று வழக்கம்போல எண்ணினார். விரல் முதலில் அவருடைய நெஞ்சைத் தொட்டது. "ஒண்ணு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் வந்தது.

செப்டம்பரில் பரீட்சை எழுதித் தோற்றார். ஊரெல்லாம் சொல்லிவிட்டுத் தோற்றதில் அவரைவிட எனக்குத்தான் ஆத்திரம். மறுமுறை தேறினார். நியூ ஜெர்சியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. அண்ணனும் ஆபீஸில் கேட்டு இடம் மாற்றிக்கொண்டு கூடவே போனார். மான்மவுத் ஜங்ஷனில் வீடு. கிளம்புகிற அன்று மிக்ஸியை எனக்குக் கொடுத்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். இன்னும் எப்போதாவது ஃபோன் செய்வார். இங்கேயும் மிஷின் சொல்கிற எண்ணை நம்புவதில்லையாம், கையால் எண்ணிப் பார்க்கிறாராம். என் ஃபோனில் அவர் பெயரை அந்த ஒயிட் சாண்ட்ஸ் நாளிலேயே 'பன்னெண்டு அக்கா' என்று மாற்றிவிட்டேன்.

அந்த மாலை மெக்சிகன் அம்மா எடுத்துக் கொடுத்த படம் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. இருக்கிற நூற்றுக்கணக்கான பாலைவனப் படங்களில் எல்லாரும் இருப்பது அது ஒன்றுதான். கொஞ்சம் சாய்ந்திருக்கும். நடுவில் ரோஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு அக்கா. ஓரத்தில் நின்ற என் முகத்தில் பாதியை அந்த அம்மாவின் கட்டைவிரல் மறைத்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணுதானே இருக்கு?" என்பார்கள். நான் அந்த விரலுக்குப் பக்கத்தில் என் விரலை வைத்து, "ஒண்ணு" என்று ஆரம்பிப்பேன்.